மானிட்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு

போன மாதம் ஞாயிறு சமய வகுப்பு முடிந்து வெளியே செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். படிவம் 5 படிக்கும் தம்பி ஒருவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்னு பார்த்து வச்சிருக்கேன். 1,100 வெள்ளி. வேலரண்ட்ல ரேங்க் ஏறவே மாட்டேங்குது. வாங்கலாமா?"

தீபாவளி அங்பாவ், பள்ளி விடுமுறையில் மாமா கடையில் நின்று வாங்கிய சம்பளம் எல்லாம் சேர்த்து அவன் கையில் இருந்ததே 1,200 ரிங்கிட்தான். "உன் கம்ப்யூட்டர்ல எத்தனை பிரேம் வருது?" என்று கேட்டேன். "தெரியலண்ணே" என்றான்.

நம் இளைஞர் பிரிவில் பாதிப் பேர் வேலரண்ட் அல்லது கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 விளையாடுகிறவர்கள். இதே கேள்வி பலருக்கும் இருக்கும் என்பதால் அவனுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் கதை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் ஆண்டில், பகுதிநேர வேலைச் சம்பளத்தில், பயன்படுத்திய 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்றை வாங்கினேன். விளையாட்டு வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது என்று அறைத் தோழர்களிடம் நான்கு மாதம் பெருமை பேசினேன். ஒருநாள் தற்செயலாக விண்டோஸ் செட்டிங்கைத் திறந்தால், திரை 60 ஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாங்கிய நாளிலிருந்தே அப்படித்தான்! வெண்ணெய் எல்லாம் என் மனதுக்குள்தான் இருந்திருக்கிறது. யாரையும் குறை சொல்ல முடியாது, மாற்ற வேண்டியது நான். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று உள்ளே போய் ரிஃப்ரெஷ் ரேட்டை நாமே மாற்ற வேண்டும். ஏற்கெனவே 144 ஹெர்ட்ஸ் திரை வைத்திருப்பவர்கள், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஒருமுறை அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சரி, ஹெர்ட்ஸ் என்றால் என்ன? திரை ஒரு விநாடியில் எத்தனை முறை புதிய படம் காட்டுகிறது என்பதுதான். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி விநாடி. 144 ஹெர்ட்ஸில் 6.9. 180 ஹெர்ட்ஸில் 5.6. 240 ஹெர்ட்ஸில் 4.2. இந்த நான்கு எண்களைக் கழித்துப் பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும். 60-லிருந்து 144-க்குப் போனால் ஏறக்குறைய 10 மில்லி விநாடி குறைகிறது. 144-லிருந்து 240-க்குப் போனால் 2.8 மட்டும். 180-லிருந்து 240-க்கு 1.4. விலையோ நேர்மாறாக ஏறுகிறது. முதல் படி மலிவு, அடுத்தடுத்த படிகள் காசு.

"மனுஷன் ஒன்றைப் பார்த்து விரலை அழுத்தவே 200 மில்லி விநாடி ஆகுதே, 10 எதுக்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த 10 மில்லி விநாடியைவிடப் பெரிய லாபம், அசையும் பொருளைக் கண் தெளிவாகத் தொடர்வதில் இருக்கிறது. மவுஸை இழுத்து, திரையின் இடது ஓரத்தில் இருந்த ஒரு பொருள் அரை விநாடியில் வலது ஓரத்துக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். 1080பி திரையின் அகலம் 1,920 பிக்சல். 60 ஹெர்ட்ஸில் அந்தப் பொருள் ஒவ்வொரு படத்துக்கும் 64 பிக்சல் தாவித் தாவி வரும். 144 ஹெர்ட்ஸில் 27 பிக்சல். 240-இல் 16. 64 பிக்சல் தாவலுக்கு நடுவில் ஓர் எதிரியின் தலையே காணாமல் போய்விடும். 27 ஆனவுடன் கண் பிடித்துக்கொள்கிறது. 16 இன்னும் நல்லதுதான், ஆனால் முதலில் கிடைத்த அந்த வித்தியாசம் இரண்டாம் முறை கிடைக்காது.

இப்போது பிரேமுக்கு வருவோம். திரை 240 முறை காட்டத் தயாராக இருந்தாலும், கணினி விநாடிக்கு 90 படம்தான் வரைகிறது என்றால் புதிதாகப் பார்ப்பது அந்த 90-ஐத்தான். அதனால் கடைக்குப் போகும் முன் வீட்டில் அளந்து பாருங்கள். வேலரண்டில் வீடியோ பகுதியில் ஸ்டேட்ஸ் என்று இருக்கும். அங்கே கிளையண்ட் எஃப்பிஎஸ் எழுத்தாகத் தெரியும்படி வைத்துவிட்டு நாலு ஆட்டம் ஆடுங்கள். பயிற்சித் திடலில் தனியாக நின்று பார்க்கிற எண்ணை நம்பாதீர்கள். ஐந்து பேர் ஒரே நேரத்தில் புகை, நெருப்பு, சுவர் என்று எறிந்துகொண்டிருக்கும்போது எவ்வளவுக்கு இறங்குகிறது? அந்த எண்தான் உங்கள் உண்மையான எண். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 ஆடுகிறவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், அது வேலரண்டைவிட கணினியை அதிகம் பிழியும்.

கடை அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாப் பெட்டியிலும் "1 எம்எஸ்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஹெர்ட்ஸோடு சம்பந்தப்பட்டது இல்லை. பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாறும் நேரம். அதிலும் ஜிடிஜி என்று போட்டிருந்தால் ஒரு கணக்கு, எம்பிஆர்டி என்று போட்டிருந்தால் வேறு கணக்கு. எம்பிஆர்டி எண் பெரும்பாலும் பின்விளக்கை அணைத்து அணைத்து ஏற்றி எடுத்தது. அப்படி ஓட்டினால் திரை மங்கலாகிவிடும், பல மாடல்களில் ஃப்ரீசிங்க்கும் சேர்ந்து வேலை செய்யாது. ஜிடிஜி 1 எம்எஸ் என்பதும் ஓவர்டிரைவை உச்சத்தில் வைத்து எடுத்ததாக இருக்கலாம். வீட்டில் உச்சத்தில் வைத்தால் அசையும் உருவத்துக்குப் பின்னால் வெளிறிய நிழல் ஓடும். நடு அளவில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

திரை வகையில் என் கருத்து எளிது: இந்த விலையில் ஐபிஎஸ் எடுங்கள். விஏ திரையில் கறுப்பு ஆழமாக இருக்கும், படம் பார்க்க அருமை, ஆனால் மலிவான விஏ திரைகளில் இருண்ட இடங்களில் உருவம் மைபோல் இழுபடும். மூலையில் பதுங்கியிருப்பவனைத் தேடும் விளையாட்டுக்கு அது ஆகாது. டிஎன் வேகமானது. போட்டிகளில் அதிகம் காணப்படும் பென்கியூ ஸோவி திரைகளில் பல அந்த வகைதான், விலையும் அப்படித்தான். பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் மாறும். அதே திரையில் அசைன்மென்டும் செய்ய வேண்டியவர்களுக்கு ஐபிஎஸ்தான் சரி.

அளவு 24 அங்குலம், 1080பி. 27 அங்குலத்தில் அதே 1080பி என்றால் பிக்சல்கள் பெரிதாகி எழுத்து சொரசொரப்பாகத் தெரியும். 1440பி வேண்டுமென்றால் கிராஃபிக்ஸ் கார்டு 1.78 மடங்கு பிக்சல்களை வரைய வேண்டும். மேலே அளந்த பிரேம் எண் அங்கேயே விழுந்துவிடும். 24 அங்குலம், ஐபிஎஸ், 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை, ஃப்ரீசிங்க் உள்ளது என்றால் இப்போது 500 ரிங்கிட்டைச் சுற்றிக் கிடைக்கிறது. ஃப்ரீசிங்க் எதற்கு என்றால், பிரேம் ஏறி இறங்கும்போது திரையும் அதற்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும், படம் நடுவில் கிழிந்ததுபோல் தெரியாது.

மடிக்கணினி வைத்திருப்பவர்கள் முதலில் துளையைப் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 என்றால் 1080பி-இல் 120 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். எச்டிஎம்ஐ 2.0 என்றால் 240 வரை போகும். யூஎஸ்பி-சி சிலவற்றில் படம் வரும், சிலவற்றில் வராது, மாடல் எண்ணைத் தேடிப் பார்க்க வேண்டும். மேசைக் கணினி என்றால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். மதர்போர்டில் செருகிவிட்டு கார்டு வேலை செய்யவில்லை என்று புலம்பியவர்களை எனக்குத் தெரியும். (அதில் நான் இல்லை!)

லோயாட் போன்ற இடத்தில் வாங்கினால் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். முழுக் கறுப்பு, முழு வெள்ளைப் படம் வைத்து செத்த பிக்சல் இருக்கிறதா பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், நம்ம காசு. இணையத்தில் வாங்கினால் உள்ளூர் உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கேட்டு, பதிலைச் சேமித்து வையுங்கள்.

தம்பி அன்று இரவே அளந்து அனுப்பினான். சாதாரணமாக 110 பிரேம், சண்டையில் 80. ரேம் 8 ஜிபி, ஒரே ஒரு துண்டு. வைஃபை ரவுட்டர் கீழே, இவன் மேல்மாடியில். சிங்கப்பூர் சர்வருக்குப் பிங் திடீர் திடீரென்று துள்ளுகிறது. இந்த நிலையில் 240 ஹெர்ட்ஸ் வாங்கினால் 1,100 ரிங்கிட்டில் பாதி சும்மா மேசையில் உட்கார்ந்திருக்கும். 180 ஹெர்ட்ஸ் ஐபிஎஸ் ஒன்று, ரேம் இன்னொரு துண்டு, மாடிக்கு ஒரு நீள லேன் கேபிள் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தேன். "240 இல்லையாண்ணே?" என்று இரண்டு முறை கேட்டான். நண்பர்கள் எல்லாம் அதைத்தான் சொல்கிறார்களாம். அந்த ஏமாற்றம் எனக்கும் புரிந்தது. கடைசியில் அவனே யோசித்து வாங்கினான். மீதிப் பணம் அம்மாவிடம் இருக்கிறது.

போன வாரம் அவனைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "செட்டிங்ல 180 மாத்திட்டியா?"

"அன்னிக்கே மாத்திட்டேண்ணே. பிரேமும் இப்ப 130 வருது. ரேங்க்தான் இன்னும் சில்வர்."