மேட்டூர் பெருசா, நம்ம ஊர்க் கண்மாய் பெருசா?



போன மாதம் சமூக அறிவியல் வகுப்பில் சார் ஒரு விஷயம் சொன்னார். ஐரோப்பாவில் சுவீடன் நாட்டில் வேனர்ன் என்று ஒரு ஏரி. அதன் பரப்பு சுமார் 5,650 சதுர கிலோமீட்டர். நம்ம விருதுநகர் மாவட்டம் மொத்தமே சுமார் 4,240 சதுர கிலோமீட்டர்தான். அதாவது சிவகாசி, சாத்தூர், ராஜபாளையம், அருப்புக்கோட்டை எல்லாத்தையும் அந்த ஏரிக்குள்ளே போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும்! வகுப்பே வாயைப் பிளந்தது. அப்போதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. நம்ம தமிழ்நாட்டில் எது பெருசு? நம்ம மாவட்டத்தில் எது பெருசு?

1. எதை வைத்து அளப்பது?

பேப்பரில் தினமும் "அணை நீர்மட்டம் இத்தனை அடி" என்று போடுகிறார்கள். அடி அதிகமாக இருந்தால் பெரிய அணை என்று நானும் நினைத்தேன். அது தப்பு. வால்பாறை பக்கம் சோலையாறு அணை 160 அடி. ஈரோடு மாவட்டம் பவானிசாகர் 105 அடி. ஆனால் சோலையாறு கொள்ளுவது 5 டி.எம்.சி.க்குக் கொஞ்சம் கூட. பவானிசாகரோ 32.8 டி.எம்.சி. குறுகலான செம்பில் தண்ணீர் உயரமா நிக்கும், அகலமான அண்டாவில் தாழ்வா நிக்கும். எதில் தண்ணி அதிகம்? அண்டாவில்தானே!

டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி. ஒரு கன அடி சுமார் 28.3 லிட்டர். ஆகவே ஒரு டி.எம்.சி. சுமார் 2,830 கோடி லிட்டர்.

2. தமிழ்நாட்டுப் பெரியவை

மேட்டூர் (ஸ்டான்லி நீர்த்தேக்கம்): 1934-ல் முடிந்தது. 120 அடி, 93.47 டி.எம்.சி. இதுதான் முதலிடம்.
பவானிசாகர்: 1955. கரை பெரும்பாலும் மண்ணால் ஆனது.
வைகை அணை: 1959. 71 அடி, சுமார் 6 டி.எம்.சி. அப்போது முதலமைச்சர் நம்ம விருதுநகர்க்காரர் காமராசர்.
செம்பரம்பாக்கம் ஏரி: 24 அடி, 3.645 டி.எம்.சி. சென்னைக்குக் குடிநீர் தருவது.

3. நம்ம மாவட்டத்தில்

வத்திராயிருப்பு பக்கம் மலையடிவாரத்தில் பிளவக்கல் பெரியாறு, கோவிலாறு என்று இரண்டு அணைகள். சமவெளியில் வெம்பக்கோட்டை, ஆனைக்குட்டம், கோல்வார்பட்டி, இருக்கன்குடி, குல்லூர்சந்தை. வெம்பக்கோட்டையும் செம்பரம்பாக்கம் மாதிரியே சுமார் 24 அடிதான். ஆனால் கொள்ளுவது சுமார் 0.4 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் அதைப்போல ஒன்பது மடங்கு! பிளவக்கல் பெரியாறு அணையில் சுமார் 0.19 டி.எம்.சி. மேட்டூர் ஒன்று நிறைய, பிளவக்கல் மாதிரி கிட்டத்தட்ட 490 அணை வேண்டும்.

4. நம்ம வீட்டுக் கதை

நம்ம பகுதி மழை குறைந்த வறண்ட பூமி. அதனால்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே வந்தது என்று படித்திருக்கிறோம். எங்க அம்மா பட்டாசு வேலைக்குப் போகிறார்கள். மழை வந்தால் மருந்து காயாது, இடி மின்னல் என்றால் வேலையை நிறுத்திடுவாங்க. அன்றைக்குக் கூலி கிடையாது. தாத்தாவோ கண்மாயை நம்பி விவசாயம் செய்தவர். மேகம் கருத்தா தாத்தா முகம் மலரும், அம்மா முகம் வாடும். ஒரே வீட்டில் ஒரே மேகத்துக்கு இரண்டு முகம்! ஆனால் கோடையில் லாரித் தண்ணி ஒரு குடம் பத்து ரூபாய்க்கு வாங்கும்போது அம்மாவே சொல்வார்கள்: "பெய்ஞ்ச மழை எல்லாம் எங்கடி போச்சு?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி, ஞாயிற்றுக்கிழமை நானும் என் தோழிகள் மூன்று பேரும் கண்மாய்க்குப் போனோம்.

5. எங்கள் கணக்கு

தண்ணீர் நிற்கும் இடம் 20 ஏக்கர் என்று தாத்தா சொன்னார். சராசரி ஆழம் 4 அடி என்று வைத்துக்கொண்டோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி.

20 x 43,560 x 4 = 34,84,800 கன அடி. சுமார் 9.9 கோடி லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 66 லட்சம் குடம்!

மேட்டூர் நம்ம கண்மாயைப்போல சுமார் 26,800 மடங்கு பெருசு. சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மேட்டூர்த் தண்ணி நம்ம ஊருக்கு வராது. நமக்கு இதுதான் மேட்டூர்.

மடைப் படிக்கட்டில் முன்பு ஆறு படி தெரியும் என்றார் தாத்தா. நாங்கள் எண்ணியபோது நான்குதான் இருந்தது. ஒரு படி அரை அடி. ஆகவே ஒரு அடிக்கு வண்டல் மேடாகிவிட்டது. கண்மாய் முழுக்க அப்படி என்றால் 8,71,200 கன அடி போச்சு. சுமார் 16 லட்சம் குடம்! மழை பெய்தும் அந்தத் தண்ணி நிற்க இடமில்லை. வரத்து ஓடையிலோ ஆள் நுழைய முடியாத அளவுக்குச் சீமைக்கருவேலம்.

அம்மாவிடம் இந்தக் கணக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கூலி போற அன்னைக்காவது தண்ணி நிக்கட்டும்" என்றார்கள்.

6. என் வேண்டுகோள்

மேட்டூரிலேயே 2017-ல் வண்டல் அள்ளினார்கள். நம்ம கண்மாயில் அள்ளக் கூடாதா? மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை நடக்கும். அதில் இந்தக் கணக்கைக் கொடுக்கத் தலைமையாசிரியர் ஐயா எங்களை அழைத்துப் போக வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அதற்குள் கண்மாயைச் சரியாக அளக்க இன்னும் ஆறு பேர் தேவை. நூல்கண்டும் அடிக்குச்சியும் எங்களிடம் இருக்கிறது. வர விரும்புகிறவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே பெயர் எழுதுங்கள்.

யோசித்துப் பாருங்கள்: உங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் செலவாகிறது? 16 லட்சம் குடம் உங்கள் வீட்டுக்கு எத்தனை வருடம் வரும்? முதலில் சரியான விடை சொல்பவருக்கு என் பேனா பரிசு.



ஒன்பதாம் வகுப்பு மாணவி