ஆண் மாகூரை அறுக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பீகாரின் மாநில மீனான மாகூர் கெளுத்தி அழிந்துவருகிறதாம். அதைக் காப்பாற்றக் குஞ்சு பொரிக்கிறோம் என்று ஆண் மீனையே அறுக்கிறார்களாமே, இது என்ன நியாயம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அறுப்பது உண்மைதான். ரோகு, கட்லா ஆணின் வயிற்றை லேசாக அழுத்தினாலே விந்து வந்துவிடும். மாகூர் ஆணிடம் அப்படிக் கறக்க முடியாது, விந்தகமும் சிறிது. அதனால் வயிற்றைக் கீறி விந்தகத்தை எடுத்து, உப்புக்கரைசலில் நசுக்கி முட்டையோடு கலக்கிறார்கள். பெண் தப்பித்துவிடும். ஹார்மோன் ஊசி போட்டுச் சுமார் 16 மணி நேரம் கழித்து வயிற்றை வருடினால் சினை வழியும்.

அறுபடுவது எந்த ஆண் என்பதைத்தான் பார்க்க வேண்டும். வயலிலும் ஓடையிலும் பிடித்ததென்றால் உங்கள் கோபம் சரி. பண்ணையிலேயே பிறந்து வளர்ந்ததென்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

முட்டை ஒரு நாளில் பொரிந்துவிடும். குஞ்சு 5 மி.மீ. இருக்கும், பகலில் தொட்டி மூலையில் நிழல் தேடி ஒன்றன்மேல் ஒன்றாக அப்பிக்கிடக்கும். மூன்று நான்கு நாளில் மஞ்சள்கருப் பை கரைந்ததும் ஆர்டீமியா, மொய்னா போன்ற நுண்ணிய நீர்வாழ் உயிரிகளை இரையாகப் போட வேண்டும். பசி வைத்தால், அல்லது பெரிசும் சிறிசும் கலந்து கிடந்தால், ஒன்றையொன்று தின்னும். பத்தாம் நாள் வாக்கில்தான் கண்டம். அதுவரை செவுளால் மட்டும் சுவாசித்த குஞ்சு, இனி மேலே வந்து காற்றையும் விழுங்கும். தண்ணீர் ஆழமாக இருந்தால் ஏறி இறங்கியே களைத்துச் சாகும். அரைச் சாண் தண்ணீர் போதும். இது தெரியாமல் தொட்டியை நிரப்புகிறவர்களால் சாகும் குஞ்சுகளுக்கு யாரும் கோபப்படுவதில்லை!

ஆணை அறுப்பதைவிட எனக்குக் கவலை தருவது, ஆப்பிரிக்கன் கெளுத்தியின் விந்தை மாகூர் முட்டையில் கலப்பது. ஆப்பிரிக்கனுக்கு விந்து அதிகம், கலப்பினக் குஞ்சும் சீக்கிரம் வளரும், சந்தையில் மாகூர் என்றே விற்றுவிடலாம். ஆப்பிரிக்கனை மத்திய அரசு 2000-லேயே தடை செய்தும் புழக்கம் நிற்கவில்லை. இந்தக் கலப்பு தாய்மீன் தொட்டிக்குள் நுழைந்துவிட்டால் அசல் மாகூரைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

வடக்கே குஞ்சு வாங்கப் போகிற உறவினர் யாராவது இருந்தால், முதலில் தாய்மீனைக் காட்டச் சொல்லச் சொல்லுங்கள். தலையின் பின்பக்க எலும்பு அசல் மாகூருக்கு ஒற்றைக் கூம்பாக முடியும். ஆப்பிரிக்கனுக்கு மூன்று முனையாக இருக்கும். இரண்டுக்கும் நடுவில் எதுவோபோல் தெரிந்தால் வாங்க வேண்டாம்.