ஃபேஜின் முதுகில் ஒரு செடி

கேள்வி: செடியின் மரபணுக்களை வைரஸில் ஏற்றி 'நூலகம்' அமைக்கிறார்களாமே, எப்படி?

பதில்: இங்கே வைரஸ் என்பது பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ். அதன் உறைப்புரத மரபணுவோடு வேறொரு மரபணுத் துண்டை இணைத்தால், அந்தப் புரதம் ஃபேஜின் மேலேயே துருத்தி நிற்கும் என்று 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஸ்மித் காட்டினார். 2018-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

செடியின் டி.என்.ஏ.வை அப்படியே வெட்டி ஒட்டினால் பயனில்லை. இடையிடையே புரதமாகாத பகுதிகள் உண்டு. அவற்றை நீக்க பாக்டீரியாவால் முடியாது. ஆகவே இலையிலிருந்தோ வேரிலிருந்தோ, அப்பகுதிகள் ஏற்கெனவே நீங்கிய தூது ஆர்.என்.ஏ.வைப் பிரித்து, அதிலிருந்து டி.என்.ஏ. நகல் எடுக்கிறார்கள். அந்த நகல்களை ஏற்ற டி7 ஃபேஜ் தோதானது. வழக்கமான எம்13 ஃபேஜில், நகலின் முடிவில் வரும் நிறுத்தக் குறி உறைப்புரதத்தையே பாதியில் அறுத்துவிடும். டி7-இல் நகல் உறைப்புரதத்தின் வால்முனையில் சேர்வதால் அந்தத் தொல்லை இல்லை.

இப்படி ஆளுக்கொரு நகலைச் சுமக்கும் ஃபேஜ்களின் திரள்தான் 'நூலகம்'. பிறகுதான், எந்தச் செடிப் புரதம் எதைப் பற்றும் என்ற தேடல். ஒரு நோய்க்கிருமியின் புரதத்தைத் தட்டின் குழியில் படியவைத்து, கோடிக்கணக்கான ஃபேஜ்களை ஊற்றிக் கழுவுவார்கள். பற்றிக்கொண்டவை மட்டும் தங்கும். அவற்றை ஈ.கோலி பாக்டீரியாவில் பெருக்கி, மறுபடி ஊற்றி, மறுபடி கழுவி, மூன்று நான்கு சுற்று. தங்கிய ஃபேஜுக்குள்ளேயே அந்தப் புரதத்தின் மரபணுவும் இருப்பதால் உடனே படித்துவிடலாம். இந்த முறையின் அழகே அதுதான். ஆனால் சர்க்கரை சேர்ந்தால்தான் இயங்கும் செடிப் புரதங்களை இதில் பிடிப்பது கடினம், ஈ.கோலி அந்த வேலையைச் செய்வதில்லை.