குன்னத்திலிருந்து காங்கேசன்துறை: கப்பல் பயணிக்கு ஒரு வழிகாட்டி

பெரம்பலூர் மாவட்டத்தின் குன்னத்துக்காரர் கடல் தாண்டிக் கப்பலில் போக நினைத்தால் இன்று அவருக்கு இரண்டு துறைமுகங்கள் உண்டு. ஒன்று நாகப்பட்டினம். அரியலூர், ஜெயங்கொண்டம், கும்பகோணம், திருவாரூர் என்று பேருந்து மாறிப் போனால் ஏறக்குறைய அரை நாள் ஆகும். இன்னொன்று சென்னை. பெரம்பலூர் போய் நெடுஞ்சாலைப் பேருந்து பிடிக்கலாம், அல்லது அரியலூரில் வைகை, பல்லவன் போன்ற ரயில்களில் ஏறலாம். நாகையிலிருந்து போவது இருக்கையில் உட்கார்ந்தே போகிற சிறிய விரைவுக் கப்பல். சென்னையிலிருந்து போவது அறை, சாப்பாடு, நீச்சல்குளம் எல்லாம் உள்ள சொகுசுக் கப்பல்.

இரண்டுமே அண்மையில் வந்தவை. ராமேசுவரம்–தலைமன்னார் கப்பல் 1980களில் போர்ச் சூழலில் நின்றுபோனது. 2011இல் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் தொடங்கி, சில மாதங்களிலேயே நின்றது. 2023 அக்டோபர் 14 அன்று ‘செரியபாணி’ நாகையிலிருந்து யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. பருவமழை காரணமாக அதுவும் ஒரே வாரத்தில் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் 16 முதல் அந்தத் தடத்தில் ‘சிவகங்கை’ ஓடத் தொடங்கியது. சென்னையிலிருந்து 2022 ஜூனில் ‘கோர்டிலியா எம்ப்ரஸ்’ கிளம்பியது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றையும் தொட்டு வந்தது.

கப்பல் சிறியதோ பெரியதோ, இறங்குவது காங்கேசன்துறையோ மெக்சிகோவின் கோசுமலோ, பயணி முதலில் கேட்டு வைக்க வேண்டிய விவரம் கப்பல் திரும்பக் கிளம்பும் நேரம். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் கரையில் எங்கே போகலாம் என்று முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் பார்க்க வேண்டிய இடங்களை முதலில் எழுதிவிட்டு நேரத்தை அதற்குள் திணிக்கிறார்கள். துறைமுகங்களில் நேரும் பதற்றங்களில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் தாள்கள்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தினர் திருச்சி மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறார்கள். 36 பக்கச் சாதாரண பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கல் என்றால் அதற்கு மேல் 2,000 ரூபாய். பாஸ்போர்ட் ஏற்கெனவே இருப்பவர் அதைப் பீரோவிலிருந்து எடுத்து முடிவுத் தேதியைப் பார்க்க வேண்டும். பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும். பத்தாண்டுக்கு முன் வளைகுடா வேலைக்காக எடுத்த பாஸ்போர்ட்டை நம்பிக் கிளம்புகிறவர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு.

அடுத்து இடிஏ எனப்படும் இலங்கையின் மின்னணுப் பயண அனுமதி. இந்தியர்களுக்கு அதன் கட்டணமும் விதியும் கடந்த சில ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கின்றன. போன வருடம் போய்வந்த சொந்தக்காரர் சொன்னதை வைத்து முடிவு செய்யக் கூடாது. இலங்கைக் குடிவரவுத் துறையின் சொந்த இணையதளத்திலேயே பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். அதைப் போலவே தோற்றம் காட்டி அதிகப் பணம் வாங்கும் தனியார் தளங்கள் தேடலில் முதலில் வந்து நிற்கும். பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் அனுமதியில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தந்தை பெயரை இனிஷியலாக எழுதிப் பழகிய நமக்கு இதில்தான் சிக்கல் வருகிறது. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரித்து எழுதப்பட்டிருந்தால் எல்லாப் படிவத்திலும் அப்படியே விரித்து எழுத வேண்டும்.

பயணச்சீட்டு எடுக்கும் முன் வானத்தைப் பார்ப்பது

வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்கு நாகைக் கப்பலை நம்பித் திட்டம் போடக் கூடாது. 2024 நவம்பரில் நின்ற சேவை 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. மார்ச் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே பாதுகாப்பானவை. அப்போதும் காற்று பலமாக இருந்தால் முதல் நாள் இரவு கூடப் பயணம் ரத்தாகலாம். வாரத்தின் எல்லா நாளும் கப்பல் ஓடுவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது.

ஆகவே தீபாவளி விடுமுறையில் போய்வருகிற யோசனையைக் கைவிடுவது நல்லது. ரத்தானால் பணம் எப்படித் திரும்பும், வேறு நாள் மாற்றித் தருவார்களா என்பதை முன்பதிவின்போதே படித்து வைக்க வேண்டும். மாற்று வழியும் ஒன்று உண்டு. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இண்டிகோ விமானம் தொடங்கியது. போக கப்பல், வர விமானம் என்று பிரித்துக்கொண்டாலும் குன்னத்துக்காரருக்குத் திருச்சி நாகையைவிட அருகில்தான்.

ஏறும் நாள்

கப்பல் காலையில் நாகையிலிருந்து புறப்பட்டு நண்பகல் வாக்கில் காங்கேசன்துறை சேரும். பிற்பகலிலேயே திரும்பக் கிளம்பிவிடும். ஆக, கிராமத்திலிருந்து விடியற்காலையில் கிளம்பிக் கப்பலைப் பிடிப்பது நடக்காது. முதல் நாள் மாலையே நாகையிலோ திருவாரூரிலோ தங்கிவிட வேண்டும். அன்றே போய் அன்றே வருவதிலும் பொருளில்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டு இரவாவது தங்குகிற மாதிரித் திட்டமிட்டால்தான் செலவழித்த பணத்துக்கு ஊரைப் பார்த்ததாக ஆகும்.

சுமார் 60 கடல் மைல், நான்கு மணி நேரம். பேருந்திலேயே குமட்டல் வருகிறவர் கட்டாயம் முன்னேற்பாடு செய்துகொள்ள வேண்டும். சிறிய கப்பல் பெரிய கப்பலைவிட அதிகமாக ஆடும். குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டால் வயிற்றில் தங்காது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். காலையில் இரண்டு இட்லி போதும். இருக்கை கேட்டு வாங்க முடிந்தால் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் வாங்குவது நல்லது. ஆட்டம் அங்கேதான் குறைவு.

மருந்துகளையும் பாஸ்போர்ட்டையும் கைப்பையில் வைக்க வேண்டும். பெரிய பெட்டியைக் கப்பல்காரர்கள் தனியாக வாங்கி வைத்துவிடுவார்கள். எடை வரம்பு பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் போனால் தனிக் கட்டணம்.

பணமும் கைப்பேசியும்

இந்தியாவிலிருந்து வெளியே போகிறவர் ஒருவருக்கு 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டாக எடுத்துப் போக ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கத்து நகைக்கடை வரிசையை ஒட்டி நாணயம் மாற்றும் இடங்கள் உண்டு. உரிமம் பெற்ற இடத்தில் மாற்றி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் நம் யுபிஐ செல்லுபடியாகிறது. ஆனால் பெட்டிக்கடையிலும் ஆட்டோவிலும் ரொக்கம்தான் ஓடும்.

கணக்குப் பிசகுகிற இடம் ஒன்று உண்டு. நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். ‘ஆயிரம் ரூபாய்’ என்று ஆட்டோக்காரர் சொன்னதும் திடுக்கிட வேண்டியதில்லை, ‘எந்த ரூபாய்?’ என்று கேட்டுவிட்டு ஏறினால் போதும். கடிகாரத்தில் மாற்றமே இல்லை. 2006 முதல் இலங்கை நேரமும் நம் நேரமும் ஒன்று.

காங்கேசன்துறையில் இறங்கிய பிறகு

துறைமுகத்தை விட்டு வெளியே வந்ததும் கண்ணில் படுவது பழைய சிமென்ட் ஆலையின் மிச்சம். 1950இல் தொடங்கி 1990இல் போரால் நின்றது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைப் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு ஆலைக்காக வெட்டிய குழிகள் அந்நியமாகத் தெரியாது. அங்கும் பழைய கடலடிப் படிவுதான், நம் குன்னம் பக்கத்து மண்ணைவிட வயதில் மிக இளையது. குன்னத்தில் 2020இல் ஏரி வெட்டும்போது கிடைத்து, டைனோசர் முட்டை என்று பரபரப்பான உருண்டைக் கற்கள், நிபுணர்கள் பார்த்தபின் கடல்வாழ் அம்மோனைட்டுகளைச் சுற்றி இறுகிய படிவம் என்று தெரிந்தது நினைவிருக்கும்.

ஆனால் படம் எடுக்கும் முன் சுற்றிப் பார்க்க வேண்டும். காங்கேசன்துறை–பலாலி வட்டாரம் நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயமாக இருந்தது. இன்றும் ராணுவ, கடற்படை இடங்கள் அதிகம். முகாம், சோதனைச் சாவடி, துறைமுக வேலி எதையும் கைப்பேசியில் பிடிக்கக் கூடாது. ட்ரோன் கொண்டு போகவே வேண்டாம்.

சொகுசுக் கப்பலில் வந்து சில மணி நேரம் மட்டுமே கையில் உள்ளவர் யாழ்ப்பாண நகருக்குப் போக ஆசைப்படாமல் அருகிலேயே சுற்றலாம். கீரிமலைக் கேணியும் நகுலேசுவரர் கோயிலும் மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. ஒரு ஆட்டோவைப் போக, வர, காத்திருக்க எல்லாம் சேர்த்துப் பேசிக்கொண்டால் மூன்று மணி நேரத்தில் நிதானமாக முடியும். கேணிக்கு மாற்றுத்துணி எடுத்துப் போக வேண்டும்.

தங்குகிறவருக்கு யாழ்ப்பாணம் ஏறக்குறைய 18 கிலோமீட்டர். பேருந்து உண்டு, ரயிலும் உண்டு. போரில் பிடுங்கப்பட்ட தண்டவாளத்தை இந்திய நிறுவனமான இர்கான் மீண்டும் போட்டு, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை ரயில் வந்தது. நல்லூர்க் கந்தசாமி கோயிலில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆடி, ஆவணியில் வரும் 25 நாள் திருவிழாவில் அறை கிடைப்பது அரிது; பல மாதம் முன்பே சொல்லி வைக்க வேண்டும். 1981இல் எரிக்கப்பட்டு 97,000க்கு மேற்பட்ட நூல்களை இழந்த பொது நூலகத்தைப் பார்க்காமல் ஒரு தமிழர் திரும்பக் கூடாது. பார்வையாளருக்கென்று தனி நேரம் வைத்திருக்கிறார்கள், கேட்டுவிட்டுப் போக வேண்டும். பௌர்ணமி நாள் இலங்கை முழுவதும் அரசு விடுமுறை என்பதால் நாள்காட்டியில் அதைத் தவிர்த்தால் அலுவலகமும் வங்கியும் திறந்திருக்கும்.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குப் போகக் குறிகட்டுவானில் இன்னொரு படகு ஏற வேண்டும். அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். கப்பல் திரும்பும் நாளில் அங்கே போகவே கூடாது.

மெக்சிகோ போகும் பெற்றோருக்கு

டெக்சாஸில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் போகும் அப்பா அம்மாக்கள் கால்வெஸ்டன் துறைமுகத்திலிருந்து மெக்சிகோவுக்குக் கப்பல் ஏறுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அங்கேயும் இதே கணக்குதான், ஆனால் தவறுக்கு விலை அதிகம்.

செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. ஆனால் அந்த அமெரிக்க விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பார்த்தே ஏற வேண்டும். கப்பல் திரும்புவது மீண்டும் அமெரிக்காவுக்குள்தான்.

கடிகாரம் அங்கே பெரிய பொறி. கோசுமல் இருக்கும் கின்டானா ரூ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தில் நிற்கிறது. குளிர்காலத்தில் அது கால்வெஸ்டனைவிட ஒரு மணி நேரம் முன்னே இருக்கும். யுகாத்தான் மாநிலத்தின் புரொகிரேசோவோ கோடையில் ஒரு மணி நேரம் பின்னே இருக்கும். கைப்பேசி தானாகக் கரை நேரத்துக்கு மாறிவிடும். கப்பலோ தன் நேரப்படி கிளம்பும். எனவே சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்தில் வைத்துக் கட்டிக்கொள்வதே சிறந்த வழி.

புரொகிரேசோவின் கப்பல் பாலம் கடலுக்குள் 6.5 கிலோமீட்டர் நீள்கிறது. கரைக்கும் கப்பலுக்கும் இடையே பேருந்தில்தான் போக வேண்டும், அந்த வரிசைக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். காபோ சான் லூகாஸ் போன்ற இடங்களில் பெரிய கப்பல் கரை தொடாமல் கடலிலேயே நிற்கும், சிறு படகில் இறங்க வேண்டும். 2025 ஜூலையில் கோர்டிலியா புதுச்சேரிக்கு வந்தபோதும் இப்படித்தான் நடந்தது. முழங்கால் வலி உள்ளவர்கள் ஆடும் படகில் கால் வைப்பது சிரமம். முன்கூட்டியே கப்பல் ஊழியரிடம் சொன்னால் உதவுவார்கள்.

கோசுமலிலிருந்து துலும் இடிபாடுகளுக்குப் போக வேறொரு படகில் பெருநிலத்துக்குக் கடந்து, சாலையில் ஒரு மணி நேரம் போக வேண்டும். அங்கே கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் மட்டும் போவது நல்லது. அந்தக் குழு தாமதமானால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும். சொந்தமாகப் போனவருக்காகக் காத்திருக்காது. தனியாகப் போகிறவர்கள் துறைமுக வாசலில் எழுதி வைத்திருக்கும் டாக்சிக் கட்டணப் பலகையைப் படம் எடுத்துக்கொண்டு, ஏறும் முன் தொகையையும் அது டாலரா பெசோவா என்பதையும் உறுதி செய்ய வேண்டும். கப்பலில் தினமும் தரும் தாளில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் இருக்கும். கரையில் இறங்கும் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் அந்தத் தாளும் பாஸ்போர்ட் நகலும் இருக்க வேண்டும். கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குப் போக வழி சொல்கிறவர் அந்த முகவர்தான்.

திரும்பும்போது

யாழ்ப்பாணச் சந்தையில் பனங்கட்டி, பனாட்டு, ஒடியல் முதலிய பனைப் பண்டங்களைத் தாராளமாக வாங்கலாம். பொட்டலம் கட்டி, பில்லை மேலே வைத்துக்கொண்டால் நாகை சுங்கச் சோதனையில் பேச்சு குறையும். அங்கே சின்ன வெங்காயம் அருமையாக விளையும். வெங்காயம் போடுகிற பெரம்பலூர் மாவட்டத்து விவசாயிக்கு அதைப் பார்த்ததும் விதைக்காய் நாலு கிலோ எடுத்துவரக் கை துறுதுறுக்கும். எடுக்கக் கூடாது. விதை, கன்று, மண் எதையும் அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் நாட்டுக்குள் கொண்டுவர 2003ஆம் ஆண்டின் தாவரத் தடைக்காப்பு ஆணை இடம் தரவில்லை. பிடித்தால் அழித்துவிடுவார்கள். பிடிபடாமல் வந்து சேர்ந்தால் கூடவே வரும் நோய் மொத்த வட்டாரத்தின் வெங்காயத்தையும் பாதிக்கலாம்.

கப்பல் நாகை வந்து சேர மாலையாகும். குடிவரவும் சுங்கமும் முடிந்து வெளியே வரும்போது இருட்டியிருக்கும். கும்பகோணம் வரை பேருந்துக்குப் பஞ்சமில்லை. அதற்கு மேல் ஜெயங்கொண்டம், அரியலூர் கடந்து குன்னம் போகும் இரவுப் பேருந்து குறைவு. குடும்பத்தோடும் பெட்டிகளோடும் வருகிறவர்கள் ஊரிலிருந்து வண்டி சொல்லி வைப்பதோ, கும்பகோணத்தில் தங்கிக் காலை முதல் பேருந்தில் கிளம்புவதோ நல்லது.