கற்று வந்த மகனும் காத்திருந்த தந்தையும்

பட்டமளிப்பு விழா இன்று நம் நாட்டில் ஒரு குடும்பத் திருவிழாவாகவே ஆகிவிட்டது. அங்கி அணிந்த மகனையோ மகளையோ நடுவில் நிறுத்திப் பெற்றோர் இருபுறமும் நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம், பல இல்லங்களில் தெய்வப் படங்களுக்கு அடுத்த இடத்தைப் பெற்றிருக்கிறது. பல்லாண்டு உழைப்பின் பயனைக் கண்ணாரக் காணும் அந்த நாளில் பெற்றோர் மனம் பூரிப்பது இயல்பே.

ஆயினும் ஒரு செய்தியை எண்ணிப் பார்க்கலாம். உயர்கல்வி குறித்து மத்திய அரசு வெளியிட்ட அகில இந்திய ஆய்வறிக்கையின்படி, 2021-22 கல்வியாண்டில் மட்டும் ஏறத்தாழ 1.07 கோடிப் பேர் உயர்கல்விப் படிப்புகளில் தேர்ச்சி பெற்றுள்ளனர். ஒரே ஆண்டில் ஒரு கோடிப் பேர் பெறுகின்ற ஒன்று, ஒருவரைத் தனிச்சிறப்பு உடையவராக்குமா? ஆக்காது எனில், ஒவ்வொருவரையும் சிறப்புடையவராக்குவது எது? அந்தச் சிறப்பைக் கண்டு குடும்பம் எவ்வாறு மகிழ வேண்டும்?

கல்வி முடித்து வீடு திரும்பிய ஒரு மகனின் வரலாற்றின் மூலமாகச் சாந்தோக்ய உபநிடதத்தின் ஆறாவது அத்தியாயம் இவ்வினாக்களை ஆராய்கிறது.

குலப்பெருமையில் தொடங்கிய கல்வி

உத்தாலக ஆருணி என்னும் ரிஷியின் மகன் சுவேதகேது. தந்தை அவனை அழைத்து, குருகுலம் சென்று பிரம்மசரிய விரதத்துடன் கல்வி பயிலுமாறு பணிக்கிறார். அதற்கு அவர் கூறும் காரணம் கவனிக்கத்தக்கது. வேதம் ஓதாமல், பிறப்பால் மட்டுமே பிராமணன் என்று சொல்லிக்கொண்டு திரிபவர் எவரும் நம் குலத்தில் இருந்ததில்லை என்கிறார் அவர்.

இதுவும் குலப்பெருமைதான். ஆனால் இது பிறப்பைக் கொண்டு நிறைவு அடைந்துவிடும் பெருமையன்று. பிறப்பு மட்டும் போதாது, உழைத்துக் கற்க வேண்டும் என்று மகனை வீட்டிலிருந்து வெளியே அனுப்பும் பெருமை. குடும்பப் பெருமிதம் தன்னளவில் குற்றம் என்று உபநிடதம் கருதவில்லை என்பதை இதனால் அறியலாம்.

பன்னிரண்டு வயதில் சென்ற சுவேதகேது, வேதங்கள் அனைத்தையும் கற்று இருபத்து நான்கு வயதில் திரும்பி வருகிறான். அவனுடைய கல்வியில் குறையொன்றும் கூறப்படவில்லை. ஆனால் அவன் தன்னைப் பெரியவனாக எண்ணிக்கொண்டவன், கற்றுத் தேர்ந்தவன் என்ற நினைப்புடையவன், 'ஸ்தப்தன்' என்று மூன்று அடைமொழிகளால் உபநிடதம் அவனை வருணிக்கிறது. மூன்றாவது சொல்லைச் 'செருக்குடையவன்' என்று மொழிபெயர்ப்பது வழக்கம். அதன் வேர்ப்பொருள் விறைத்து நிற்பவன் என்பது. தூணைக் குறிக்கும் 'ஸ்தம்பம்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததே. தூண் உறுதியானது, ஆனால் எவர் முன்னும் வளையாது. சென்ற சிறுவன் தூணாகத் திரும்பி வந்திருக்கிறான்.

தந்தையின் கண்

அந்நாளில் வேறொரு தந்தையாக இருந்தால் ஊரைக் கூட்டி மகனின் கல்வியைப் பறைசாற்றியிருப்பார். உத்தாலகரோ மகனின் முகத்தைப் பார்க்கிறார். குறையைக் காண்கிறார். கண்டதை அவனிடமே நேராகச் சொல்கிறார். ஆனால் எவ்வாறு சொல்கிறார்? 'ஸ்தப்தன்' என்று குற்றத்தைச் சுட்டும் அதே வாக்கியத்தில் 'ஸோம்ய' என்றும் அழைக்கிறார். இனியவனே, மென்மையானவனே என்பது அதன் பொருள். விறைத்து நிற்பவனிடம், உன் உண்மை இயல்பு மென்மையே என்று அந்த ஒரு விளியால் நினைவூட்டிவிடுகிறார். குற்றத்தைச் சொல்லும்போதும் பிள்ளையைக் கைவிடாத அன்பு இதுவே.

அதன்பின், எதைக் கேட்டால் கேளாதவையும் கேட்கப்பட்டவை ஆகுமோ, எதை அறிந்தால் அறியாதவையும் அறியப்பட்டவை ஆகுமோ, அந்த உபதேசத்தைக் கேட்டாயா என்று வினவுகிறார். சுவேதகேதுவிடம் விடையில்லை. தன் ஆசிரியர்களுக்கு அது தெரிந்திராது, தெரிந்திருந்தால் தனக்குச் சொல்லாமல் இருந்திருக்க மாட்டார்கள் என்கிறான். பிறகு, நீங்களே எனக்குக் கற்பியுங்கள் என்று தந்தையை வேண்டுகிறான். அத்தியாயம் முழுவதும், மீண்டும் விளக்குங்கள் என்று அவன் திரும்பத் திரும்பக் கேட்பதைக் காண்கிறோம். அவனுடைய செருக்கு நீங்கியது என்று உபநிடதம் எங்கும் தனியே அறிவிக்கவில்லை. அவன் கேட்கத் தொடங்கியதே அதற்குச் சான்று.

தோற்ற மகன், சீடனான தந்தை

இதே தந்தை-மகனைப் பற்றிய இன்னொரு நிகழ்ச்சி சாந்தோக்யத்தின் ஐந்தாவது அத்தியாயத்திலும் பிருகதாரண்யக உபநிடதத்திலும் வருகிறது. சுவேதகேது பாஞ்சால நாட்டின் அவைக்குச் செல்கிறான். தந்தை உனக்குக் கற்பித்தாரா என்று மன்னன் பிரவாகண ஜைவலி கேட்கிறான். ஆம் என்கிறான் இளைஞன். மன்னன் கேட்ட ஐந்து வினாக்களில் ஒன்றுக்கும் அவனால் விடை கூற இயலவில்லை. வருந்தி வீடு திரும்பியவன் தந்தையையே குறை கூறுகிறான்.

இங்கே தந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். மகன் அரசவையில் தலைகுனிந்து வந்திருக்கிறான், அதற்குப் பழியும் தம்மீதே விழுகிறது. அவர் சினக்கவில்லை, குடும்ப மானம் போயிற்று என்று புலம்பவும் இல்லை. இந்த வினாக்களுக்கு எனக்கும் விடை தெரியாது, தெரிந்திருந்தால் உனக்குச் சொல்லாமல் இருந்திருப்பேனா என்று கேட்கிறார். ஆசிரியர்களுக்காக மகன் சொன்ன அதே சமாதானத்தைத் தந்தை தமக்காகச் சொல்லும் இடம் இது.

அதன்பின் அவர் மன்னனிடம் சென்று கற்க முடிவு செய்கிறார். மகன் உடன்வர மறுத்து, தந்தையையே போகச் சொல்லிவிடுகிறான் என்கிறது பிருகதாரண்யகம். முதிய ரிஷி தனியே செல்கிறார். மன்னன் செல்வம் தர முன்வந்தபோது அதை ஏற்காமல், மகனிடம் கேட்ட அந்த வினாக்களின் பொருளையே வேண்டிப் பெறுகிறார்.

மகன் வென்று வந்தபோது அவனுடைய குறையைக் கண்ட தந்தை, அவன் தோற்று வந்தபோது தாமே மாணவராகிறார். வெற்றியில் மயங்காமலும் தோல்வியில் ஒதுக்காமலும் பிள்ளையுடன் நிற்பதே உண்மையான குடும்பப் பெருமிதம்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். அவற்றின் காரணங்கள் பல. எல்லாவற்றையும் தேர்வின்மீதோ பெற்றோர்மீதோ சுமத்துவது நியாயமாகாது. ஆனால், மதிப்பெண் குறைந்தால் வீட்டில் என் மதிப்பும் குறைந்துவிடும் என்று ஒரு பிள்ளை எண்ண நேர்ந்தால், அந்த எண்ணத்தை உடனே களைவது நம் கடமை. தோற்று வந்த சுவேதகேதுவுக்குத் திரும்பி வர ஒரு வீடு இருந்தது. குறை கூறுவதற்குக்கூட ஒரு தந்தை இருந்தார்.

பதினாறாம் நாள் பாடம்

மீண்டும் ஆறாவது அத்தியாயத்துக்கு வருவோம். மனம் உணவால் ஆனது என்பதை விளக்க உத்தாலகர் ஒரு சோதனை வைக்கிறார். பதினைந்து நாள் உண்ணாதே, நீர் மட்டும் வேண்டிய அளவு பருகு என்கிறார். பின்னர் ரிக், யஜுர், ஸாம வேதங்களை ஓதச் சொல்கிறார். சுவேதகேதுவுக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுக் கல்வி பதினைந்து நாள் பசியில் மறைந்துவிடுகிறது. பெருந்தீ அணைந்தபின் மின்மினி அளவே எஞ்சிய கனலைப் போன்றது உன் நிலை, போய் உணவருந்து என்கிறார் தந்தை. உண்ட பின் கேட்டவற்றுக்கெல்லாம் விடை கூறுகிறான் மகன்.

மனத்தின் இயல்பை விளக்குவதே இச்சோதனையின் நேர்ப்பொருள். நம் தலைப்புக்கு அதில் இன்னொரு பாடமும் உண்டு. என் கல்வி என்று எதை நாம் தாங்கி நிற்கிறோமோ, அது பிறர் தந்த பிடிச் சோற்றில் நிற்கிறது. உழுதவர், சமைத்தவர், ஊட்டியவர் என எத்தனையோ கைகள் அந்தப் பட்டத்தின் பின்னால் உள்ளன. குடும்பத்தில் முதன்முறையாக ஒரு பெண் பட்டம் பெறும்போது, கூலி வேலை செய்து அவளைப் படிக்கவைத்த தாய் கண்ணீர் விடுவதைச் செருக்கு என்று யார் சொல்வார்? அது நன்றியாக மலர்ந்த மகிழ்ச்சி. மகிழ்ச்சி நன்றியை நோக்கிச் சென்றால் மனம் விரிகிறது. ஒப்பீட்டை நோக்கிச் சென்றால், அண்டை வீட்டுப் பிள்ளையையும் தன் இன்னொரு பிள்ளையையுமே அது புண்படுத்துகிறது.

தனிச்சிறப்பு எது?

உபதேசத்தின் தொடக்கத்தில் உத்தாலகர் மூன்று எடுத்துக்காட்டுகளைக் கூறுகிறார். ஒரு மண்கட்டியை அறிந்தால் மண்ணால் ஆன அனைத்தும் அறியப்படும். ஒரு பொற்கட்டியை அறிந்தால் பொன்னால் ஆனவை அறியப்படும். மூன்றாவதாக, ஒரு நகவெட்டியை அறிந்தால் இரும்பால் ஆனவை அறியப்படும். வேறுபாடுகள் பெயரளவினவே, மூலப்பொருளே உண்மை என்பது கருத்து.

பெரும் தத்துவத்தை விளக்க நகவெட்டியையும் எடுத்துக்கொண்டது சிந்திக்கத்தக்கது. பொற்கட்டியால் நகம் வெட்ட இயலாது, குடத்தாலும் இயலாது. வடிவத்தால் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பணியைப் பெற்றிருக்கிறது. மனிதரும் அவ்வாறே. ஒருவர் கணக்கில் வல்லவர், ஒருவர் நோயாளிக்கு அருகில் பொறுமையோடு அமர்பவர், ஒருவர் தச்சு வேலையில் தேர்ந்தவர். இவ்வேறுபாடுகள் பணிக்காக அமைந்தவை, உயர்வு தாழ்வுக்காக அமைந்தவையல்ல. மதிப்பு என்பதோ அனைவருள்ளும் ஒன்றாக விளங்கும் மெய்ப்பொருளிலிருந்து வருகிறது. அந்த மெய்ப்பொருளே நீ என்னும் உபதேசத்தைத் தந்தை மகனுக்கு ஒன்பது முறை கூறுகிறார். அதைத்தான் நாம் மகாவாக்கியமாகப் போற்றுகிறோம். பட்டம் பெற்றதற்குப் பரிசாக அது தரப்படவில்லை. பட்டம் பெறாதவரைப் பற்றியும் அது முழு உண்மையே.

ஆலம்பழ உதாரணமும் இங்கே பொருந்தும். பழத்தைப் பிளந்தால் நுண்ணிய விதைகள். ஒரு விதையைப் பிளந்தால் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. அந்தப் புலப்படாத நுண்மையிலிருந்தே பேராலமரம் எழுந்து நிற்கிறது என்கிறார் தந்தை. ஒரு பிள்ளையிடம் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டுமுன் நாம் இதை நினைவுகூர வேண்டும்.

விடைபெறும் நாளின் அறிவுரை

குருகுலக் கல்வி முடிந்து வீடு திரும்பும் சடங்குக்கு ஸமாவர்த்தனம் என்று பெயர். தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி, விடைபெறும் மாணவனுக்கு ஆசிரியர் கூறும் அறிவுரையைத் தருகிறது. மாணவனின் புகழ் அதில் இடம்பெறவில்லை. வாய்மை, அறம், தொடர்ந்து கற்றல், சிரத்தையோடும் பணிவோடும் கொடுத்தல் என அவன் இனிச் செய்ய வேண்டியவையே உள்ளன. எங்களிடம் உள்ள நற்செயல்களை மட்டும் பின்பற்று, மற்றவற்றை விட்டுவிடு என்றும் ஆசிரியர் சொல்கிறார். மாணவன் தலைநிமிரும் நாளில் ஆசிரியர் தம் குறையையும் ஒப்புக்கொள்கிறார். தாய், தந்தை, ஆசிரியர் ஆகியோரைத் தெய்வமாகக் கருதச் சொன்னவர், நான்காவதாக விருந்தினரையும் சேர்க்கிறார். குடும்பப் பெருமை வீட்டு வாசலோடு நின்றுவிடக் கூடாது என்பதை இதனால் உணரலாம்.

எனவே நம் இல்லங்களில் பட்டமளிப்பு நாளை மூன்று செயல்களால் புனிதமாக்கலாம். முதலாவது, அக்கல்விக்கு உதவிய ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைத்து, இயன்றால் நேரில் சென்று வணங்குவது. இரண்டாவது, அந்நாளில் வீட்டிலுள்ள மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு ஒரு சொல்லும் பேசாதிருப்பது. மூன்றாவது, பெற்ற கல்வியை யாருக்குப் பயன்படுத்தப் போகிறோம் என்று குடும்பமாக அமர்ந்து உறுதி கொள்வது.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பிள்ளையின் குறையைச் சுட்டும்போது, 'ஸோம்ய' என்னும் விளியில் உள்ள அன்பு நம் சொற்களில் உள்ளதா?

2. பிள்ளை கேட்கும் வினாவுக்கு விடை தெரியாதபோது, தெரியாது என்று சொல்லி உடன் கற்க நாம் ஆயத்தமா?

3. நம் குடும்பத்தில் பட்டமோ பரிசோ பெறாத ஒருவரின் சிறப்பை இறுதியாக எப்போது வாய்விட்டுச் சொன்னோம்?