பட்டிக்காடும் தண்ணியில்லாக் காடும்



சென்ற மாதச் சங்கக் கூட்டம் நினைவிருக்கும். நாற்காலி எடுத்துப்போடப் பிந்தி வந்த புதிய மாணவர் ஒருவரைப் பார்த்து, "உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவோம்!" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அம்மாணவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம்.

அரசாங்க அலுவலரைத் தண்டனையாக மாற்றும் ஊருக்கு வழங்கும் பெயர் அது. பெரும்பாலும் இராமநாதபுரம் சீமையையே சுட்டும். என் தந்தையார் கமுதிக்கு அருகே பிறந்து, நாச்சாரத்துத் தொழிற்சாலை வேலைக்காக இங்கு வந்தவர். அவர் மகன் சிரித்தது சரியா? அன்றிரவு வீட்டில் இதே எண்ணந்தான். வேதியியல் மாணவனாதலால், சொற்களைப் பிரித்துப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் பட்டிக்காடு. பட்டி என்பது ஆடுமாடு அடைக்கும் இடம். சிற்றூருக்கும் அதுவே பெயர். கோவில்பட்டி, உசிலம்பட்டி எல்லாம் அவ்வாறு வந்தவையே. காடு என்றதும் நமக்கு மரமும் புலியும் தோன்றுகின்றன. சிறுவயதில் விடுமுறைக்குச் சென்றபோது அப்பத்தா, "காட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்புவார். 'இந்த வயதில் வனத்துக்கா?' என்று நான் அஞ்சி அழுதது இன்றும் எங்கள் வீட்டில் நகைப்புக்குரிய கதை. அவர் போனது மிளகாய் பறிக்க! வானம் பார்த்த புன்செய் நிலத்தைக் காடு என்பது தென்பாண்டியிலும் கொங்கிலும் வழக்கு. அப்படியானால் பட்டிக்காடு என்பது ஆடும் விளைநிலமும் உள்ள இடம். இதில் இழிவு எங்கே இருக்கிறது? சொல்பவர் குரலில்தான்.

குக்கிராமம் என்ற சொல்லோ வேறு வகை. வடமொழியில் 'கு' என்னும் முன்னொட்டு இழிவையும் சிறுமையையும் குறிப்பது. நாளிதழ்கள் கள்ளமின்றி எழுதும் இச்சொல்லுக்குள்தான் வசை ஒளிந்திருக்கிறது!

பிற நாட்டாரும் இதில் நமக்கு இளைத்தவரல்லர். 1899இல் தொடங்கிய பிலிப்பைன்ஸ் போரில் அமெரிக்கப் படைவீரர்கள் கேட்ட 'புண்டோக்' என்னும் தகாலொக் சொல்லுக்கு மலை என்பதே பொருள். அவர்கள் வாயில் அது 'பூண்டாக்ஸ்' ஆகி, எதற்கும் உதவாத தொலைவூர் என்றாயிற்று. நம் திரைப்பட வில்லனும், மூலத்தைத் தேடினால், இலத்தீனில் பண்ணையில் உழைத்த நாட்டுப்புறத்தான்தான்!

இனித் தண்ணியில்லாக் காட்டுக்கு வருவோம். இராமநாதபுரத்தில் மழை குறைவு, உண்மையே. அதனால்தான் அங்குள்ளோர் ஒரு கண்மாயின் மிகுதி நீர் அடுத்த கண்மாய்க்குப் போகுமாறு சங்கிலித் தொடராக வெட்டிவைத்தனர். ஆர்.எஸ். மங்கலம் கண்மாய்க்கு 48 மடைகள் என்பது ஊர் வழக்கு. கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமும் எழுந்தது. எவரும் வேண்டாமென்ற வெயிலுக்கு இன்று விலை இருக்கிறது.

மறுநாள் அம்மாணவரைத் தேடிச் சென்று வருத்தம் தெரிவித்தேன். "தண்ணி இல்லேன்னு சொன்னா பரவால்லண்ணே. இருக்கிற தண்ணிய முறை வச்சுப் பாய்ச்சுறது எப்படின்னு எங்க ஊருல வந்து பாருங்க" என்றார்.

அடுத்த கூட்டத்தில் கண்மாய்களைப் பற்றிப் பேச இசைந்திருக்கிறார். அன்று நாற்காலிகளை நான் எடுத்துப்போடுகிறேன்.