‘எந்தப் படப் பாட்டு?’ என்று கேட்காதவர்களைத் தேடி

தமிழில் சொந்தமாகப் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டுப் பாடத் தொடங்கும் யாரையும் முதலில் எதிர்கொள்வது, “இது எந்தப் படப் பாட்டு?” என்ற கேள்விதான். கேட்பவர் மேல் குற்றமில்லை. பல தலைமுறைகளாக நமக்குப் பாட்டு வந்த வழி அது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்காத சிலர் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். புதியவருக்கு வேண்டியவர்கள் அவர்கள்தான்; சினிமா ரசிகர் கூட்டத்திலிருந்து பத்துப் பேரைப் பிய்த்தெடுக்கப் பார்ப்பது வீண் வேலை.

முதல் வேலை, உங்கள் பாட்டு எதைப் பற்றியது, யாருக்கு என்பதை ஒரே வரியில் எழுதுவது. ‘ஃப்யூஷன்’ என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. ‘நைட் ஷிஃப்ட் பார்க்கிறவர்களுக்கான பாட்டு’ என்றால் கேட்பவர் ஒரு முகத்தை நினைத்துக்கொள்வார். மலேசியாவின் யோகி பி - நட்சத்ரா குழு 2006-இல் ‘வல்லவன்’ ஆல்பத்தைக் கொண்டுவந்தபோது, அது யாருக்கு என்று விளக்க வேண்டியிருக்கவில்லை: தமிழில் ராப் கேட்க விரும்பியவர்களுக்கு.

இரண்டாவது, அந்த ஆட்கள் இப்போதே எங்கே கூடுகிறார்கள் என்று பார்ப்பது. பெரும்பாலும் அவர்கள் இசைக்காகக் கூடியிருக்க மாட்டார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானா, ராப், ராக் மூன்றையும் கலந்து சாதி எதிர்ப்பைப் பாடியது. அதைப் பேசும் கூட்டங்களும் வாசகர் வட்டங்களும் அதற்கு முன்பே இங்கே இருந்தன. அவர்களுக்கு ஒரு பேண்டு கிடைத்தது. உங்கள் பாட்டு கடலைப் பற்றியதா? சென்னை ஊரூர் ஆல்காட் குப்பத்தில் நடந்ததுபோன்ற கடற்கரை விழாக்களைத் தேடுங்கள். மண்ணைப் பற்றியதா? இயற்கை விளைபொருள் சந்தைக்குப் போங்கள். புத்தகக் காட்சி, திரைப்படச் சங்கம், சைக்கிள் குழு, கல்லூரித் தமிழ் மன்றம் என்று பட்டியல் நீளும். போன அன்றே மைக் கேட்காதீர்கள். சில கூட்டங்களுக்கு வெறும் ஆளாகப் போய் உட்காருங்கள். பிறகு, “மூன்று பாட்டு, இருபது நிமிடம், ஒரு கிடார் போதும்” என்று கேளுங்கள். செலவில்லாத ஆளை மறுக்க அமைப்பாளருக்கு மனம் வராது.

சொந்த நிகழ்ச்சி என்று வரும்போது சின்ன இடமாகப் பிடியுங்கள். முப்பது பேர் நாற்பது நாற்காலி அறையில் கூட்டம். அதே முப்பது பேர் பெரிய அரங்கில் வெறுமை. நூறு ரூபாயாவது டிக்கெட் வையுங்கள். இலவசம் என்றால் வருகிறேன் என்று சொன்னவர்கள் மழைத்தூறலைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். சித்தியும் பெரியப்பாவும் வந்து கைதட்டுவது சந்தோஷம்தான். ரசிகர் கணக்கில் மட்டும் சேர்க்காதீர்கள்.

பலர் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். வந்தவர்களை மறுபடி அழைக்க உங்களிடம் என்ன வழி இருக்கிறது? இன்ஸ்டாகிராமில் பின்தொடர்கிறார்கள் என்பது பதிலாகாது. உங்கள் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவெடுப்பது அந்த நிறுவனம். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் குழு 1971-இல் வந்த தன் ஆல்பத்திலேயே ரசிகர்களிடம் பெயரும் முகவரியும் கேட்டு அறிவிப்பு போட்டது. இங்கிலாந்தின் மரிலியன் குழுவுக்கு அமெரிக்கா போகப் பணமில்லாதபோது, 1997-இல் ரசிகர்களே 60,000 டாலர் திரட்டினார்கள். பின்னர் அந்தக் குழு தன்னிடமிருந்த மின்னஞ்சல் முகவரிகளுக்கு எழுதி, பதிவே செய்யாத ஆல்பத்தை 12,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு முன்கூட்டியே விற்றது.

நம் ஊரில் அந்த முகவரி வாட்ஸ்அப் எண். வாசலில் ஒரு நோட்டு வைத்து, விருப்பமுள்ளவர்களிடம் மட்டும் பெயர், எண், ஊர் மூன்றையும் வாங்குங்கள். குரூப் தொடங்க வேண்டாம். ஒரே வாரத்தில் அது ‘குட் மார்னிங்’ ரோஜாப்பூக்களின் தோட்டமாகிவிடும். பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் செய்தி போகும். அதனால் மேடையிலிருந்தே எண்ணைச் சொல்லி அப்போதே சேமிக்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு செய்திக்கு மேல் வேண்டாம். ஊர் எதற்கு என்றால், மதுரைப் பெயர்கள் இருபத்தைந்து சேர்ந்த அன்று மதுரைக்கு டிக்கெட் போடலாம்.

இணையத்தில் பாட்டை ஏற்றுவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாட்டை இசைத் தளங்களுக்கு அனுப்பித் தரும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் மூன்று நான்கு வாரம் முன்பே கொடுங்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்கு, வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு விண்ணப்பியுங்கள். பன்னிரண்டு மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு 2024 முதல் அங்கே ராயல்டி கிடையாது. ஆகவே அதை விசிட்டிங் கார்டாக மட்டும் பாருங்கள். சினிமாப் பாட்டை கவர் பாடினால் எண்ணிக்கை ஏறும், ஆனால் வருகிறவர்கள் இளையராஜாவுக்காக வருகிறார்கள்.

பணம்? அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி 2008-இல் எழுதிய கட்டுரையில், உண்மையான ரசிகர்கள் ஆயிரம் பேர் ஆளுக்கு ஆண்டுக்கு 100 டாலர் தந்தால் ஒரு கலைஞர் பிழைத்துக்கொள்வார் என்றார். நம் கணக்கு வேறு. முந்நூறு பேர் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் செலவழித்தால் மூன்று லட்சம். குடும்பம் நடத்தப் போதாது. ஸ்டூடியோ, மிக்ஸிங் செலவுக்கு உதவும். வேலையை விட்டுவிடாதீர்கள். டி-ஷர்ட்டைவிட, வரிகளும் கிடார் கார்டு (chord) குறிப்புகளும் அச்சிட்ட பாட்டுப் புத்தகத்தை விற்கலாம் என்பது என் கட்சி. தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடிப் பழகிய ஊர் இது. புத்தகம் வாங்கியவர் அடுத்த முறை சரணத்தையும் சேர்ந்து பாடுவார்.

கடைசியாக, போன் தூக்கிப் படம் பிடிப்பவர்களைத் தடுக்காதீர்கள். கிரேட்ஃபுல் டெட் 1984-இல், ஒலிப்பதிவு செய்ய வரும் ரசிகர்களுக்கென்றே கச்சேரியில் தனி இடம் ஒதுக்கியது. நீங்கள் அவ்வளவு செய்ய வேண்டாம். போனில் எடுக்கும் படத்தில் விழும்படி, உங்கள் பெயரையும் எண்ணையும் ஒரு துணியில் பெரிதாக எழுதி மேடையின் பின்னால் கட்டுங்கள். பாடுபவரின் தலைக்கு மேலே தெரியும் உயரத்தில் கட்டுங்கள். பலர் கீழே கட்டுவதால், டிரம்ஸ் அதை மறைத்துவிடுகிறது.